மதம் கிடையாது, பிரியாணி உண்டு

எங்கள் வீட்டில் மதம் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் சொல்வார். யார் வந்தாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதற்குள் சொல்லிவிடுவார். காஸ் சிலிண்டர் போட வந்தவரிடம்கூட ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் பாவம், "அப்படிங்களா சார்" என்று சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, டியூப் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.

மகள் பிறந்த அன்றைக்கே முடிவான விஷயம் இது. பிரசவ வார்டில் நான் அரைமயக்கத்தில் கிடந்தபோது தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, இவளை எந்த மதத்திலும் வளர்க்கப் போவதில்லை, பதினெட்டு வயதில் எல்லாவற்றையும் படித்துப் பார்த்து அவளே பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும், எதுவும் பிடிக்காவிட்டால் விட்டுவிடட்டும் என்றார். எனக்கு அப்போது தூக்கம்தான் வேண்டியிருந்தது. சரி என்றேன். பிறகு தெளிவாக யோசித்தபோதும் அது நல்ல யோசனையாகவே பட்டது. நான் பிறந்த வீட்டில் மாதத்தில் பாதி நாள் எதையாவது சாப்பிடக் கூடாது, மீதி நாள் எதையாவது தொடக் கூடாது. என் மகளாவது நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

மாமனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. அவர் சுரக்குடியில் நெல் பயிரிடுகிறவர். திருநள்ளாறு கூப்பிடு தூரம். சனிக்கிழமை தவறாமல் சனீஸ்வரனைப் பார்த்து, எள் விளக்கு ஏற்றிவிட்டு, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். வந்ததும் பேத்தியின் முகத்தைப் பார்த்து, "புள்ளைக்கு நெத்தி பாழா கெடக்கு" என்பார். இவர் உடனே பகுத்தறிவு பேச ஆரம்பிப்பார். அப்பனும் மகனும் மதியச் சாப்பாடு வரைக்கும் பேசுவார்கள். சாம்பார் வந்ததும் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள்.

மதமில்லாமல் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதற்கு என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். மதம் வேறு, பண்பாடு வேறு. எது மதம், எது பண்பாடு என்று அவர்தான் பிரித்துச் சொல்வார். நாளாக ஆக எனக்கே அந்தக் கணக்கு பிடிபட்டுவிட்டது. விடிவதற்கு முன் எழுந்து குளிக்க வேண்டியதெல்லாம் மதம். இலை போட்டுச் சாப்பிடுவதெல்லாம் பண்பாடு. பிள்ளையார் சதுர்த்தி மதம், கொழுக்கட்டை பண்பாடு. தீபாவளி எண்ணெய்க் குளியல் மூடநம்பிக்கை, அதிரசம் உழவர் மரபு. மகளுக்குக் காது குத்துவதிலும் அப்படித்தான். குலதெய்வம் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினால் மதம் என்று மறுத்துவிட்டார். ஆறு மாதம் கழித்துக் காரைக்கால் நகைக்கடை ஒன்றில் ஏ.சி.யில் உட்காரவைத்துக் குத்தினோம். அது அழகுக்காகவாம். குழந்தை என்னவோ குலதெய்வம் வரைக்கும் கேட்கிற மாதிரிதான் கத்தினாள்.

நான் சிரிப்பேனே தவிர எதிர்த்துப் பேசியதில்லை. கிடைக்க வேண்டிய பலகாரம் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அவருக்கு மின்துறையில் வேலை, எனக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. குடியிருப்பது திருமலைராயன்பட்டினத்தில், வாடகை வீடு. பக்கத்து வீட்டில் ஒரு லாத்தா இருக்கிறார். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் கணவர் சவூதியில். அவருக்கும் ஒரே மகள், என் மகள் வயதுதான். இருவரும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. நான் வேலை முடிந்து வருவதற்கு மாலை ஆறாகிவிடும். பள்ளிவிட்டு வரும் என் மகள் நேராக லாத்தா வீட்டுக்குப் போவாள். முகம் கழுவிவிடுவது, பலகாரம் கொடுப்பது, வீட்டுப்பாடம் எழுதவைப்பது எல்லாம் லாத்தாதான். பேன் பார்ப்பதுகூட அவர்தான். சொந்த அக்கா இருந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு செய்திருப்பாளா என்பது சந்தேகம்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் எப்போதும் ஏதாவது ஒரு பாத்திரம் போய்வந்துகொண்டிருக்கும். அங்கிருந்து மீன் குழம்பு வந்த சட்டி இங்கிருந்து புளியோதரையோடு போகும். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். ஒன்றுமே இல்லாவிட்டால் நான் ஒரு கை சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பேன். அதனால் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுடையது என்று எங்களுக்கே சில சமயம் குழம்பிவிடும்.

ரம்ஜான் பெருநாள் அன்று லாத்தா வீட்டிலிருந்து தெருவுக்கு இரண்டு விதமாகப் போகும். கறி சாப்பிடாத வீடுகளுக்கும், சாப்பிட்டாலும் தன் வீட்டில் சமைத்ததைத் தொடுவார்களோ என்று யோசனையாக இருக்கும் வீடுகளுக்கும் கடையில் வாங்கிய ஸ்வீட் பெட்டி. யோசனையே இல்லாத வீடுகளுக்குச் சட்டியில் பிரியாணி. யார் மனமும் நோகாமல் நடக்கிற காரியம். லாத்தா மகளும் என் மகளும்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். முனையில் இருக்கும் ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக்குப் பெட்டி, தையல்காரர் வீட்டுக்குச் சட்டி, பால்காரர் வீட்டுக்குச் சட்டி என்று என் மகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். எங்களுக்கு வருவது தெருவிலேயே பெரிய சட்டி. என் வீட்டுக்காரர் அதைத் திறந்து ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "மதம் கிடையாது, பிரியாணி உண்டு" என்பார். அதுதான் எங்கள் வீட்டுப் பிரார்த்தனை.

நோன்பு மாதத்தில் தினமும் சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து கஞ்சி வாங்கிவந்து, பிடியில் பச்சை நூல் சுற்றிய ஒரு தூக்கில் எங்களுக்கு ஊற்றிக் கொடுப்பார் லாத்தா. இதில் வேடிக்கை என் மாமனார்தான். நோன்பு மாதம் வந்தால் சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வரும்போது அவர் கையிலும் ஒரு தூக்கு இருக்கும். உடம்புச் சூட்டுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லையாம். சனிக்கிழமை அவர் கவுச்சி தொடமாட்டார் என்பது லாத்தாவுக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை மட்டும் வீட்டிலேயே கறி போடாமல், வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலுமாக அவருக்கென்று தனியாகக் காய்ச்சுவார். கிழவர் அதைக் குடித்துவிட்டு நெற்றி விபூதி வியர்வையில் கரைய உட்கார்ந்திருப்பார்.

போன வருஷ நோன்பில்தான் வினை வந்தது.

மகளின் சாப்பாட்டு டப்பா கொடுத்தனுப்பியபடியே திரும்பி வந்தது. முதல் நாள் வயிறு சரியில்லை என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்து, நீ செய்கிற வெண்டைக்காயை யார்தான் தின்பார்கள் என்றார். அதற்கடுத்த நாள் முட்டை வைத்து அனுப்பினேன். முட்டையும் வந்தது. பிடித்து உட்காரவைத்துக் கேட்டதும் சொல்லிவிட்டாள். லாத்தா மகள் இந்த வருஷம்தான் முதல்தடவையாக நோன்பு வைக்கிறாளாம். மதியம் எல்லோரும் சாப்பிடும்போது அவள் மட்டும் சும்மா உட்கார்ந்திருப்பாளாம்.

"அவ பசியோட உக்காந்திருக்கிறப்ப நான் மட்டும் எப்படிம்மா திங்கிறது?"

இவ்வளவுதான் காரணம். இதில் அல்லாவும் இல்லை, சனீஸ்வரனும் இல்லை. லாத்தா இது தெரிந்ததும் திட்டியிருக்கிறார், போய்ச் சாப்பிடு, உனக்கு இதெல்லாம் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். இவள் கேட்கவில்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து பேரீச்சம்பழம் தின்றிருக்கிறார்கள். எனக்கு, உண்மையைச் சொன்னால், பெருமையாக இருந்தது. ஒன்பது வயதில் எனக்கு இந்தப் புத்தி இருந்ததில்லை. என் சிநேகிதிகள் விரதம் இருந்தபோது அவர்கள் பங்கு வடையையும் சேர்த்துத் தின்றவள் நான்.

தண்ணீராவது குடிக்க வேண்டும், மதியம் ஒரு வாழைப்பழமாவது தின்ன வேண்டும் என்று அவளிடம் பேசி முடித்துவிட்டேன். அதோடு போயிருக்கும். ஆனால் என் வீட்டுக்காரரின் ஆபீசில் யாரோ, "என்ன சார், பொண்ணு நோன்பாமே?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார்கள். வேறொன்றும் சொல்லவில்லையாம், கேட்டுவிட்டுச் சிரித்தார்களாம். ஊரெல்லாம் திரண்டு வந்து தாக்கினாலும் கொள்கையை விடமாட்டேன் என்று பேசிய மனுஷர், ஒரு சிரிப்புக்குத் தாங்கவில்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே முகம் சரியில்லை.

"எந்த மதமும் வேணாம்னுதான வளர்க்கிறோம்? இப்ப அங்க போய் இழுத்து விடுறாங்க" என்றார்.

பசிக்கிற சிநேகிதியோடு சேர்ந்து பசித்திருப்பதற்கு மதம் என்று பெயரில்லை என்றேன். உனக்கு ஒன்றும் தெரியாது, இப்படித்தான் ஆரம்பிக்கும் என்றார். அவளே பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று கேட்டேன். அது பதினெட்டு வயதில், எல்லாவற்றையும் படித்துப் பார்த்த பிறகு என்றார். சரி, பதினெட்டு வயதில் படித்துப் பார்த்துவிட்டு நோன்பு வைத்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சட்டையைக் கழற்றப் போனவர் மறுபடி பொத்தானைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை, அதுவரைக்கும் மரியாதை.

"லாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைய இதுலெல்லாம் சேத்துக்காதீங்க. நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க."

லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் சாப்பிடச் சொல்லித்தான் தம்பி சொன்னேன்" என்றார். பிறகு, "இனிமே அப்படி நடக்காதுங்க" என்றார்.

நடக்கவில்லை. மறுநாளிலிருந்து எதுவுமே நடக்கவில்லை. லாத்தா தன் மகளைத் தனியாக ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்தார். வகுப்பில் தலைவலி என்று சொல்லி அவள் முன்பெஞ்சுக்கு மாறிக்கொண்டாளாம். சாயங்காலம் என் மகள் போனால், "அம்மா வர்ற வரைக்கும் உங்க வீட்லயே இருமா" என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினார். அவள் பூட்டிய எங்கள் வீட்டு வாசலில் புத்தகப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் பரிசோதனைக் கூடத்தில் கெஞ்சி ஒரு மணி நேரம் முன்னால் வர வழி செய்துகொண்டேன். கஞ்சியும் நின்றுபோயிற்று. சண்டைக்கு முந்திய நாள் வந்த பச்சை நூல் தூக்கு மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி எங்கள் அடுப்படியில் இருந்தது.

சனிக்கிழமை மாமனார் வந்தார், கையில் தூக்கோடு. சாயங்காலம் வரை காத்திருந்தார். பாங்கும் சொல்லியாயிற்று, கஞ்சி வரவில்லை. என்ன விஷயம் என்று கேட்டார். மகன் விளக்கினார். அப்பாவாவது தன் பக்கம் பேசுவார் என்று நம்பித்தான் விளக்கினார்.

"தண்ணிகூட குடிக்காம இருந்துச்சா?" என்றார் கிழவர். பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "என் ஆத்தாவுக்கு அப்புறம் நம்ம வம்சத்துல யாருக்கும் இந்த வைராக்கியம் கெடையாது. ஏதோ ஒரு சாமிக்காவது பயப்படுதேன்னு சந்தோஷப்படாம, சண்டைக்குப் போனியா? எனக்கு இனிமே கஞ்சி யாருடா காய்ச்சுவா?"

வெறுந்தூக்கோடு அவர் பஸ் ஏறினார். சுரக்குடி வரைக்கும் திட்டிக்கொண்டே போயிருப்பார் என்று நினைக்கிறேன்.

மகன் இதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் வேறு. நம்முடையது எது என்று குழந்தைக்குக் காட்டாமல் விட்டதுதான் தப்பு என்றார். அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பினார், விடியற்காலையில்! எங்களை வண்டியில் ஏற்றித் திருநள்ளாற்றுக்குக் கொண்டுபோனார். சாமி கும்பிட அல்ல, சிற்பத்தைப் பார்க்க என்று போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சிற்பம் பார்க்க வந்தவர் குளக்கரையில் நல்லெண்ணெய் வாங்கினார். மகள் தலையில் வைத்துத் தேய்த்தார். கண்ணில் எண்ணெய் இறங்கி அவள் கசக்கிக்கொண்டே, சுற்றிலும் அத்தனை ஜனம் நிற்கும்போது, சத்தமாகக் கேட்டாள்.

"அப்பா, இது மதமா, பண்பாடா?"

"பேசாம முங்கு" என்றார் அவர்.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு வெளியூர் அம்மாள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ஒன்பது வருஷ உபதேசம் ஒரு முழுக்கில் கரைந்து போவதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மாமனார் மட்டும் கோயில் வாசலில் நின்று எங்களைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக இருந்தார். பேத்தி நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, இப்போதாவது போய் அந்தப் பெண்ணிடம் கஞ்சியைப் பற்றிப் பேசு என்று என் காதில் சொன்னார்.

பேசத்தான் போனேன். அன்று சாயங்காலமே போனேன். அதுவரை "வா தங்கச்சி" என்று கூப்பிட்ட லாத்தா, "வாங்க, உக்காருங்க" என்றார். என் வீட்டுக்காரர் ஆபீசில் யாரோ கேட்டதைப் பொறுக்காமல் பேசிவிட்டார், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் இரண்டும் வாடிக் கிடக்கின்றன என்றேன். லாத்தா கோபப்படவில்லை. பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முனை வீட்டு வாத்தியாருக்குக் கறி ஆகாதுன்னு தெரியும். உங்க மாமனாருக்குச் சனிக்கிழமை ஆகாதுன்னு தெரியும். அங்கெல்லாம் பாத்து நடந்துக்குவோம். உங்க வீட்டுல ஒண்ணுமே இல்லேன்னு தம்பி சொன்னாரு. நானும் நம்பிக் காலை வெச்சுட்டேன்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீட்டுல ஆம்பளைத் துணை இல்லாம இருக்கேங்க. நாளைக்கு யாராச்சும் வந்து, புள்ளைய மாத்தப் பாத்தியான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எழுந்து வந்தேன். வீட்டுக்கு வரும் வழி நாலு எட்டுதான், ஆனால் மனசு வெந்துகொண்டே வந்தது. மாமனாரின் பக்தி முள்வேலி மாதிரி. தூரத்திலிருந்தே தெரியும், யாரும் சுற்றிக்கொண்டு போய்விடலாம். என் வீட்டுக்காரர் போட்டிருந்தது பன்றிக்காக வயலில் இழுத்துவிடுகிற கரண்டுக் கம்பி. வேலியே இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டு, ராத்திரியில் சத்தமில்லாமல் இழுத்துவிட்ட கம்பி. நல்ல மனசோடு உள்ளே வந்தவருக்குத்தான் ஷாக் அடித்தது. குழந்தையை மதமில்லாமல் வளர்க்கலாமா என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், தாராளமாக வளர்க்கலாம், முதலில் அப்பனை அப்படி வளர்த்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள் என்பேன்.

பெருநாள் வந்தது. அடுத்த வீட்டில் நெய்யும் பட்டையும் மணத்தது. என் வீட்டுக்காரர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கத்தையே வெகுநேரமாகப் படித்தார். மகள் எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு, நல்ல பாவாடை சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்தாள். எப்போதும் போல வீடு வீடாகக் கொடுக்கக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தாள். கூப்பிடவில்லை. பதினோரு மணிவாக்கில் லாத்தா மகள் மட்டும் புது உடுப்பில் வந்தாள். கையிலிருந்ததைக் கொடுத்தாள், என் மகளைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள், திரும்பிப் போனாள்.

ஸ்வீட் பெட்டி. மேலே ரிப்பன் கட்டியிருந்தது.

"ஏய், நில்லு" என்று மகள் வாசலுக்கு ஓடினாள். "வாத்தியார் வீட்டுதை எங்களுக்கு மாத்திக் குடுத்துட்டே."

லாத்தா மகள் தெருவில் நின்றாள். "இல்ல" என்றாள். "உங்க வீட்டுக்குத்தான்னு உம்மா சொன்னாங்க."

மகள் உள்ளே வந்து பெட்டியை மேசையில் வைத்தாள். அப்பாவின் பேப்பரைக் கீழே இறக்கினாள்.

"நாம எப்பப்பா வாத்தியார் வீடு மாதிரி ஆனோம்?"

எங்கள் வீட்டில் எந்தக் கேள்விக்கும் அரை மணி நேரம் பதில் சொல்கிறவர் அவர். அன்றைக்கு ரிப்பனை அவிழ்த்தார். பெட்டியைத் திறந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "சுத்தமான நெய்தான்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியைப் பிடுங்கி வெளியே எறிந்திருப்பேன். லாத்தா கொடுத்தது என்பதால் விட்டேன். அட்டைப்பெட்டி. சாப்பிட்டு முடித்தால் குப்பையில் போட வேண்டியதுதான். அதைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. அது எனக்கும் புரிந்தது, மகளுக்கும் புரிந்தது. அவள் ஒரு துண்டுகூடத் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து அடுப்படியில் பச்சை நூல் தூக்கைக் காணோம். தேடினால், மகளின் அலமாரியில் புத்தகங்களுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துக்கொண்டு வரும்போது என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். அடுத்தவர்கள் பொருளை இத்தனை நாள் வைத்திருப்பது என்ன பழக்கம், முதலில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று மகளை அதட்டினார். அவள் என் கையிலிருந்து தூக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதையும் குடுத்துட்டா அவங்களுது எதுவும் நம்மகிட்ட இருக்காது. அப்புறம் நான் எதுக்குன்னு அங்க போவேன்?" என்றாள். அப்பாவை நேராகப் பார்த்தாள். "எனக்குப் பதினெட்டு வயசு ஆகட்டும், குடுக்கிறேன்."

அவர் பேப்பரைத் தேடி எடுத்து விரித்துக்கொண்டார். தூக்கு இன்னும் அவள் அலமாரியில்தான் இருக்கிறது. லாத்தாவும் இதுவரை அதைக் கேட்கவில்லை.